‘செல்ஃப் எடுக்கல’: குளிரில் கிளம்ப மறுத்த பழைய சொகுசு கார்கள்

காலையில் கார் கிளம்பவில்லை என்றால் நாம் சொல்வது ஒன்றுதான்: ‘செல்ஃப் எடுக்கல.’ பேட்டரி தீர்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்கிறோம், வயர் கழன்றிருந்தாலும் அதைத்தான் சொல்கிறோம். சில சமயம் பெட்ரோலே இல்லாதபோதும்! இந்தச் ‘செல்ஃப்’ என்ன சொல் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்பதில் பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம். கார் என்றால் ஓர் ஆள் முன்னால் நின்று கம்பியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும் என்றிருந்த காலத்தில், தானே கிளம்பும் கார் பெரிய அதிசயம். அந்த அதிசயத்தின் பெயர்தான் இன்று மெக்கானிக் கடையில் புகாராக ஒலிக்கிறது.

பழைய கார்களில் ஆர்வம் உள்ளவர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். 1910-களின் அமெரிக்கக் கார்கள் பனியில் எப்படி ஓடின? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ‘பெட்ரோல் உறைந்துவிடும், அதனால் கிளம்பாது’ என்பார் ஒருவர். ‘அந்தக் காலத்து பேட்டரி மோசம்’ என்பார் இன்னொருவர். ‘ஆக்சிலரேட்டரைக் கொஞ்ச நேரம் மிதித்துப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். முதல் பதில் தவறு. இரண்டாவது கால்வாசி உண்மை. மூன்றாவது இஞ்சினைக் கெடுக்கும் யோசனை.

முதலில் பெட்ரோலைப் பார்த்துவிடுவோம். டெட்ராய்ட் நகரத்தில் ஜனவரி இரவு சராசரியாக மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும், மோசமான இரவுகளில் மைனஸ் 20. அந்தக் குளிரிலும் பெட்ரோல் தண்ணீர் போலத்தான் ஓடும். பெட்ரோலோடு கலந்துவிட்ட துளித் தண்ணீர்தான் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பழி பெட்ரோல் மேல் விழுந்துவிட்டது.

உண்மையில் குளிர் ஒரே சிக்கல் அல்ல. எரிபொருள், எண்ணெய், மின்சாரம், தண்ணீர் என்று நான்கு தனித்தனிச் சிக்கல்கள் ஒரே காலையில் சேர்ந்து வருகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் பல சமயம் இன்னொன்றைக் கிளறிவிடும். அந்தக் காலத்து இஞ்சினியர்கள் இருபது ஆண்டுகள் திணறியது இதனால்தான்.

பனி கொட்டும் ஊர்களில் பிறந்த கார்கள்

அமெரிக்காவின் பழைய சொகுசு கார் கம்பெனிகளை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கேடிலாக்கும் பக்கார்டும் டெட்ராய்ட்டில். பியர்ஸ்-ஆரோ பஃபலோவில். பியர்லெஸ் கிளீவ்லாந்தில். ஃபிராங்க்ளின் சைரக்யூஸில். எல்லாமே வட அமெரிக்கப் பேரேரிகளை ஒட்டிய, பனி கொட்டித் தீர்க்கும் ஊர்கள். தொழிற்சாலை வாசலைத் தாண்டும் முன்பே காருக்குக் குளிர் பரீட்சை வந்துவிடும்.

இந்தக் கார்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இஞ்சின் பெரியது. இன்று நம் ஊரில் ஓடும் சிறிய கார்களின் இஞ்சின் ஒரு லிட்டரை ஒட்டியிருக்கும். இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் 1907-இல் வெளிவந்தபோதே அதன் இஞ்சின் ஏழு லிட்டர். அத்தனை இரும்பையும் உறைபனிக் காலையில் கையால் சுழற்றுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

முதலாளி சுழற்றமாட்டார், அதற்கு ஆள் இருந்தார். அவருக்கு ‘ஷோஃபர்’ என்று பெயர். இது பிரெஞ்சுச் சொல், ‘சூடேற்றுபவர்’ என்று பொருள். நீராவி இஞ்சினுக்குத் தீ மூட்டிக் கொதிக்கவைத்த ஆளின் பெயர், அப்படியே கார் ஓட்டுபவருக்கு ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் கார் வந்த பிறகும் பனிக்காலத்தில் அவர் வேலை பெரும்பாலும் சூடேற்றுவதாகவே இருந்தது. முந்தின இரவு வடித்துவிட்ட ரேடியேட்டரில் காலையில் வெந்நீர் ஊற்றுவார். சிலிண்டர் தலையில் உள்ள சின்னக் குழாய்களைத் திறந்து சில துளி பெட்ரோல் விடுவார். ஸ்டியரிங் அருகே உள்ள கைப்பிடியைப் பின்னுக்குத் தள்ளிவைப்பார். அப்புறம்தான் முன்னால் போய்க் கம்பியைப் பிடிப்பார். இந்த ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி

மார்கழியில் துவைத்த துணி காய ஏன் இரண்டு நாள் ஆகிறது? துணியில் உள்ள தண்ணீர் அதேதான், ஆனால் அதை ஆவியாக்கச் சூடு போதவில்லை. பெட்ரோலுக்கும் இதே கதை. திரவமாக இருக்கும் பெட்ரோல் இஞ்சினுக்குள் எரியாது. அது ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் ஸ்பார்க் பிளக்கின் பொறி பற்றிக்கொள்ளும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் ஆவிக்குச் சுமார் 15 பங்கு காற்று சரியான கலவை. இந்தக் கலவையைத் தயாரிக்கும் பாகம்தான் கார்புரேட்டர். உள்ளே போகும் காற்றின் ஓட்டத்தில் பெட்ரோலை மெல்லிய தூவலாகத் தெளித்துவிடுவது அதன் வேலை.

குளிரில் கார்புரேட்டர் தெளிப்பதெல்லாம் துளியாகவே நிற்கிறது. பெட்ரோல் என்பது பல திரவங்களின் கலவை. லேசானவை குளிரிலும் ஆவியாகும், கனமானவை ஆகாது. தெளித்த பெட்ரோலில் பத்தில் ஒரு பங்குதான் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பத்து மடங்கு பெட்ரோல் விட்டால்தான் எரியும் அளவுக்கு ஆவி கிடைக்கும். குளிர் காலையில் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

அந்தக் கூடுதல் பெட்ரோலை விடும் வழிதான் சோக். பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். சோக் இஞ்சினைச் சூடாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள், காற்றுதான் வரும், இளநீர் வராது. ஓட்டையை விரலால் மூடினால் இளநீர் சட்டென்று ஏறும். சோக் அந்த விரல். காற்று வரும் வாசலை ஒரு தகடு அடைக்கிறது, இஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் துளையின் மேல் விழுகிறது.

பெரிய கார்களில் சிக்கல் இத்தோடு முடியவில்லை. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்குமே, ஆவி குளிர்ந்த தகட்டில் பட்டால் திரும்பவும் நீராகிவிடும். ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் இஞ்சினில் கார்புரேட்டரிலிருந்து கடைசி சிலிண்டர் வரை நீளமான இரும்புக் குழாய். கஷ்டப்பட்டு உண்டாக்கிய பெட்ரோல் ஆவி அந்தச் சில்லிட்ட குழாயின் சுவரில் பட்டு மறுபடி துளியாகிவிடும். அருகில் உள்ள சிலிண்டருக்கு ஆவி கிடைக்கும், கோடியில் உள்ளதற்குக் காற்று மட்டும். சிலிண்டர் தலையில் சின்னக் குழாய்கள் வைத்து ஷோஃபர் நேரடியாகவே பெட்ரோல் விட்டது இந்த நீளப் பயணத்தைத் தவிர்க்கத்தான். அதிகக் குளிரில் பெட்ரோலோடு ஈத்தரும் கலப்பார்கள். அது பெட்ரோலைவிட வெகு எளிதில் ஆவியாகும்.

முதல் உலகப்போர்க் காலத்தில் நிலைமை இன்னும் மோசமானது. கார்கள் பெருகின, பெட்ரோல் தேவை கூடியது. எண்ணெய்க் கம்பெனிகள் கச்சா எண்ணெயிலிருந்து முன்பு ஒதுக்கிய கனமான பகுதியையும் பெட்ரோலில் சேர்க்கத் தொடங்கின. கார்கள் முன்னேற முன்னேற, குளிரில் கிளப்புவது கடினமானது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

பக்கார்ட் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு கொஞ்சம் துணிச்சலானது. 1920-ஐ ஒட்டி அவர்கள் கார்களில் ‘ஃபியூயலைசர்’ என்ற பாகம் வந்தது. உறிஞ்சு குழாயோடு ஒரு சின்ன அறை. அதற்குள் தனியாக ஒரு ஸ்பார்க் பிளக். கலவையில் கொஞ்சத்தை அங்கேயே எரித்து, அந்தச் சூட்டை மீதிக் கலவையோடு சேர்த்து அனுப்புவார்கள். வீட்டுக்குள்ளேயே சின்ன அடுப்பு வைத்த மாதிரி. உள்ளே நெருப்பு எரிகிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிச் சில்லும் பதித்திருந்தார்கள். நான்கு பக்கமும் பெட்ரோல் இருக்கும் இடத்தில் வேண்டுமென்றே தீ வைக்கும் யோசனைக்கு யார் முதலில் கையெழுத்துப் போட்டார்களோ!

ரோல்ஸ்-ராய்ஸ் வேறு வழியில் போனது. 1920-களில் வந்த அதன் ஃபாண்டம் வரிசைக் கார்களில், கிளப்புவதற்கென்றே சின்னதாக ஒரு தனிக் கார்புரேட்டர் இருந்தது. மற்ற கம்பெனிகள் பலவும் புகைக்குழாயின் சூட்டை உறிஞ்சு குழாயின் ஓரத்தில் படவைத்தன. அது நல்ல யோசனைதான், ஆனால் இஞ்சின் ஓடிய பிறகே உதவும். கிளம்பாத இஞ்சினுக்குப் புகையேது?

இதுவரை பார்த்தது: குளிரில் பெட்ரோல் உறைவதில்லை, ஆவியாக மறுக்கிறது. சோக் சூடு தருவதில்லை, பெட்ரோலைக் கூட்டுகிறது.

எண்ணெய் தேனாகும்போது

தேங்காய் எண்ணெய் பாட்டிலை மார்கழிக் காலையில் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம். இஞ்சின் எண்ணெய் அப்படிக் கட்டியாவதில்லை, ஆனால் தேன் போல, அப்புறம் வெல்லப்பாகு போலக் கெட்டிப்படும். பிஸ்டன் (சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உருளை), தாங்கிகள் (பேரிங்), பற்சக்கரங்கள் எல்லாம் அந்தப் பாகுக்குள் முழுகியிருக்கும்போது இஞ்சினைச் சுழற்றுவதற்கே வழக்கத்தைவிடப் பல மடங்கு விசை வேண்டும். மெதுவாகச் சுழன்றால் உறிஞ்சல் குறையும், உறிஞ்சல் குறைந்தால் பெட்ரோல் தூவல் குறையும். முதல் சிக்கல் இரண்டாவதின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

பொறியும் கெடும். அந்தக் காலக் கார்கள் பலவற்றில் பொறியை உண்டாக்கியது மேக்னெட்டோ, அதாவது இஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு சின்ன மின்னாக்கி. சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள், மெதுவாக மிதித்தால் விளக்கு மங்கும். கெட்டி எண்ணெயில் இஞ்சின் மெதுவாகச் சுழன்றால் மேக்னெட்டோவின் பொறியும் மங்கும். அதனால்தான் சில்வர் கோஸ்ட்டில் மேக்னெட்டோவும், பேட்டரி மின்சாரத்திலிருந்து பொறி உண்டாக்கும் கம்பிச் சுருளும் சேர்த்தே இரட்டை ஏற்பாடாக இருந்தன. கிளப்புவதற்குச் சுருள், ஓடுவதற்கு மேக்னெட்டோ. இதில் ஒரு மாயவித்தையும் உண்டு. இஞ்சின் சூடாக இருந்து, சிலிண்டரில் பழைய கலவை கொஞ்சம் மிச்சமிருந்தால், கம்பியைத் தொடாமல் சுருளின் பொறியை மட்டும் தட்டிவிட்டாலே சில்வர் கோஸ்ட் கிளம்பிவிடும். ஆறு சிலிண்டரில் ஏதாவது ஒன்று சரியான நிலையில் நின்றிருக்கும் என்பதுதான் சூட்சுமம். குளிர்ந்த காலையில் மட்டும் இந்த வித்தை செல்லாது.

எண்ணெய்க்கு வருவோம். வட கனடாவில் பறந்த விமானிகள் இரவு இறங்கியதும் இஞ்சின் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடித்து, கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைத்து, காலையில் அடுப்பில் சுடவைத்து ஊற்றுவார்கள். கார்க்காரர்கள் பனிக்காலத்துக்கு மெல்லிய எண்ணெயாக மாற்றிவிடுவார்கள். கோடையில் கெட்டி எண்ணெய், பனியில் மெல்லிய எண்ணெய் என்று இரண்டு வகை. இன்று எண்ணெய் டப்பாவில் ‘10டபிள்யூ-30’ என்று பார்க்கிறோமே, அந்த டபிள்யூ ‘வெயிட்’ என்று மெக்கானிக்குகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது ‘விண்டர்’, பனிக்காலம். முதல் எண் குளிரில் அது எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்கிறது, இரண்டாவது சூட்டில். ஒரே எண்ணெய் இரண்டு வேஷமும் போடும் இந்த வசதி பரவலானது 1950-களுக்குப் பிறகு.

இங்கேதான் வைத்தியங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சோக்கைப் பிடித்துப் பெட்ரோலை அள்ளி விட்டோமே, ஆவியாகாத பெட்ரோல் எங்கே போனது? சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே படிந்திருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெய்த் தொட்டியில் போய்ச் சேர்ந்தது. எண்ணெய் நீர்த்துப்போனது. பனிக்காலம் முடிவதற்குள் தாங்கிகள் தேய்ந்தன. ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்கும் யோசனை ஏன் தவறு என்பதும் இங்கேதான் தெரியும். எண்ணெய் இன்னும் மேலே ஏறிச் சேராத இஞ்சினை வேகமாக ஓடவிட்டால் இரும்பும் இரும்பும்தான் உரசும்.

கம்பி திருப்பி அடித்தது

கையால் சுழற்றும் கம்பியில் ஆபத்து இருந்தது. பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே பொறி விழுந்துவிட்டால், வெடிப்பு பிஸ்டனைத் தவறான திசையில் தள்ளும். கம்பி பின்னோக்கிச் சுழன்று பிடித்திருந்த கையை அடிக்கும். ஷோஃபர் ஸ்டியரிங் அருகே உள்ள கைப்பிடியைத் தள்ளிவைத்தது பொறியைத் தாமதப்படுத்த. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக் கம்பியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் இதற்காகத்தான், திருப்பி அடித்தால் கை விடுபட்டுவிடும். மணிக்கட்டு ஓரத்தில் ஏற்படும் ஒரு வகை எலும்பு முறிவுக்கு மருத்துவத்தில் இன்றைக்கும் ‘ஷோஃபர் முறிவு’ என்றே பெயர்.

செல்ஃப் ஸ்டார்ட்டரின் பிறப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. கேடிலாக்கின் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர், அவரும் கார் தயாரித்தவர். டெட்ராய்ட்டில் ஒரு பாலத்தின் மேல் நின்றுபோன ஒரு பெண்மணியின் காரைக் கிளப்ப உதவப் போனார். கம்பி திருப்பி அடித்து முகத்தில் பட்டது, அந்தக் காயத்தின் தொடர்ச்சியாக இறந்தார். மனம் உடைந்த லேலண்ட் இனி ஒரு கேடிலாக்கும் யாரையும் காயப்படுத்தக் கூடாது என்றார். கதையின் விவரங்கள் சொல்பவரைப் பொறுத்து மாறும். கார்ட்டர் 1908-இல் இறந்ததும், சில ஆண்டுகளில் லேலண்ட் இதற்கு விடை தேடி சார்லஸ் கெட்டரிங்கிடம் போனதும் வரலாறு.

மின் மோட்டாரால் இஞ்சினைச் சுழற்றும் யோசனை புதிதல்ல. அழுத்திய காற்று, சுருள்வில், அசிட்டிலீன் வாயு என்று பலரும் பலவற்றை முயன்றார்கள். மின் மோட்டார் வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் சொன்ன காரணம்: இவ்வளவு பெரிய இஞ்சினைச் சுழற்ற ஏறக்குறைய அதே அளவு மோட்டார் வேண்டும், அதை எங்கே வைப்பது?

கெட்டரிங் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி தயாரிக்கும் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்லாவை மின்சாரத்தில் இயக்க ஒரு சின்ன மோட்டாரை அங்கே செய்திருந்தார். அந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. பொத்தானைத் தட்டினால் ஒரு கணம் பலமாக இழுக்க வேண்டும், பிறகு ஓய்வு. இஞ்சினைக் கிளப்புவதும் இதே வேலைதானே என்று அவருக்குத் தோன்றியது. அரிசி மூட்டையைத் தலையில் வைத்து ஊரைச் சுற்றி வருவது எல்லோராலும் முடியாது. வண்டியிலிருந்து கடை வாசல் வரை பத்து அடி வைப்பது பலராலும் முடியும். சின்ன மோட்டாரின் மேல் சில விநாடிகள் மட்டும் அளவுக்கு மீறிய பளுவை ஏற்றலாம், அது சூடாகி எரிவதற்குள் இஞ்சின் கிளம்பிவிடும்.

1909-இல் கெட்டரிங்கும் எட்வர்ட் டீட்ஸும் தொடங்கிய கம்பெனியின் சுருக்கப் பெயர் டெல்கோ. அவர்கள் செய்த கருவி 1912-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் எல்லாவற்றிலும் வந்தது. ஒரே இயந்திரம் முதலில் மோட்டாராக இஞ்சினைச் சுழற்றும், இஞ்சின் கிளம்பியதும் மின்னாக்கியாக மாறி பேட்டரியை நிரப்பும், பொறிக்கும் விளக்குக்கும் மின்சாரம் தரும். இதற்காக கேடிலாக்குக்கு, கார்த் தொழில்நுட்பச் சாதனைக்குத் தரப்படும் இங்கிலாந்தின் டூவார் கோப்பை இரண்டாம் முறையாகக் கிடைத்தது. ‘பெண்கள் ஓட்டுவதற்காகவே செல்ஃப் வந்தது’ என்று இன்று எழுதுவார்கள். விளம்பரம் அப்படிப் போனது உண்மைதான். உடைந்துகொண்டிருந்தவை பெரும்பாலும் ஆண்களின் மணிக்கட்டுகள்.

‘உலகின் சிறந்த கார்’ என்று பெயர் வாங்கிய சில்வர் கோஸ்ட்டுக்கு மின் ஸ்டார்ட்டர் வந்தது 1919-இல். ஏழு ஆண்டு தாமதம். ரோல்ஸ்-ராய்ஸின் தொழிற்சாலை இருந்த டெர்பியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஷோஃபர் இருக்கும்போது என்ன அவசரம் என்று தோன்றியிருக்கலாம்.

பேட்டரி எங்கே பலவீனம்?

சரி, மோட்டார் வந்துவிட்டது. சிக்கல் தீர்ந்ததா? இல்லை, இடம் மாறியது. பேட்டரிக்குள் மின்சாரம் ஊற்றி வைக்கப்படுவதில்லை. ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலத்துக்கும் இடையே நடக்கும் வேதிவினையிலிருந்து அது அப்போதைக்கப்போது உண்டாகிறது. குளிரில் இட்லி மாவு புளிக்கத் தாமதமாவது போல, இந்த வினையும் குளிரில் மந்தமாகிவிடும். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரி தரும் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதே நேரம் கெட்டி எண்ணெயால் இஞ்சின் கேட்கும் பலமோ பல மடங்கு. வரவு பாதி, செலவு பல மடங்கு.

இன்னொன்று. நிறைந்த பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. தீர்ந்த பேட்டரியில் அமிலம் நீர்த்துப் போயிருக்கும், அது மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து பெட்டியை விரிசல் விடவைக்கும். பழைய கார்களைப் பற்றி ‘அந்தக் காலத்து பேட்டரி மோசம்’ என்று சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவுதான். பேட்டரி மோசமாக இருந்தது என்பதைவிட, அதன் மேல் எறியப்பட்ட வேலை மோசமாக இருந்தது.

இதுவரை மூன்று: ஆவியாகாத பெட்ரோல், பாகான எண்ணெய், மந்தமான பேட்டரி. மூன்றும் காரைக் கிளம்பவிடாமல் செய்யும். நான்காவது இஞ்சினையே உடைக்கும்.

தண்ணீர்: இரவில் வரும் எதிரி

குளிர்பானக் கண்ணாடி பாட்டிலை ஃபிரீசரில் வைத்து மறந்துபோனவர்களுக்குத் தெரியும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். இஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, முன்னால் உள்ள ரேடியேட்டரில் அந்தத் தண்ணீர் காற்றுப் பட்டு ஆறுகிறது. இரவில் இது உறைந்தால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் பிளக்கும், வார்ப்பிரும்பு இஞ்சினே விரிசல் விடும். கையால் செய்த விலையுயர்ந்த இஞ்சின் ஒரே இரவில் காயலான் கடைக்குப் போகும்.

இஞ்சினின் பக்கவாட்டில் வட்டமான தகரச் சில்லுகள் பதித்திருப்பதைப் பார்க்கலாம். தண்ணீர் உறைந்தால் அவை தெறித்து விழுந்து இஞ்சினைக் காப்பாற்றும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். அவை அதற்காக வைக்கப்பட்டவை அல்ல. இஞ்சினை வார்க்கும்போது உள்ளே வைத்த மண் அச்சை வெளியே எடுக்க விட்ட துளைகளை மூடும் அடைப்புகள். உறைபனியில் சில சமயம் தெறிக்கும், பல சமயம் தெறிக்காது, இஞ்சின்தான் போகும்.

இன்னொரு நம்பிக்கை, ‘காற்று அடித்தால் ரேடியேட்டர் சீக்கிரம் உறையும், வெளியே மைனஸ் இல்லாவிட்டாலும்.’ காற்று சூட்டை வேகமாக எடுத்துச் செல்லும், உண்மை. ஆனால் காரின் தண்ணீரை வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் இறக்க முடியாது. வெளியே 2 டிகிரி என்றால் எவ்வளவு காற்றடித்தாலும் நின்ற கார் 2 டிகிரியில்தான் நிற்கும்.

எளிய வழி ராத்திரி தண்ணீரை வடித்துவிடுவது. மறந்தால் போயிற்று. அடுத்த வழியை ஐஸ் வண்டிக்காரரிடம் கற்றுக்கொள்ளலாம். அவர் ஐஸ் கட்டியில் கல்லுப்பைப் போடுவார், ஐஸ் உருகும், ஆனால் அந்த உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்கும் கீழே போய் குல்ஃபியை உறையவைக்கும். தண்ணீரில் வேறொன்று கரைந்திருந்தால், தண்ணீர் மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசை கட்டிப் பனியாக முடியாது, இன்னும் குளிர வேண்டும். இப்படித் தண்ணீரின் உறைநிலையை இறக்கும் பொருள்தான் உறைதடுப்பி.

உப்பு வகைகளை முயன்றவர்கள் ரேடியேட்டர் அரித்துப் போனதைப் பார்த்தார்கள். கிளிசரின் போட்டார்கள், தேன் கூட ஊற்றிப் பார்த்தார்கள். அதிகம் புழங்கியது ஆல்கஹால். மலிவு, அரிப்பும் குறைவு. ஆனால் எத்தில் ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், மெத்தில் ஆல்கஹால் இன்னும் முன்னதாக. இஞ்சின் நன்றாகச் சூடானால் ஆல்கஹால் மட்டும் ஆவியாகிப் போய்விடும், ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் மிஞ்சும். மேட்டில் ஏறி இறங்கிய நாள் இரவு, காவல் போய்விட்டது தெரியாமல் கார் நின்றிருக்கும். 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் கடைக்கு வந்தது. 197 டிகிரியில்தான் அது கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. ஒரு தடவை ஊற்றினால் பனிக்காலம் முழுக்கத் தாங்கும். விலைதான் அதிகம், அதனால் ஆல்கஹால் அதற்குப் பிறகும் வெகுநாள் ஓடியது.

ஓடும்போதும் குளிரும்

கார் கிளம்பிவிட்டால் குளிர் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ரேடியேட்டரைக் கோடைக்கு ஏற்றபடி பெரிதாகச் செய்திருப்பார்கள். பனியில் அது இஞ்சினை அளவுக்கு மீறி ஆற்றிவிடும். இஞ்சின் சூடேறாது, பெட்ரோல் ஆவியாகாது, சோக்கை விட முடியாது, எண்ணெய் நீர்த்துக்கொண்டே போகும். ரேடியேட்டருக்கு முன் அட்டையைச் செருகுவார்கள், தோல் போர்வை போர்த்துவார்கள். 

எவ்வளவு மூடுவது, எப்போது திறப்பது? அதைத் தெரிந்துகொள்ள ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு வெப்பமானி வைத்தார்கள். பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று பெயர். வட்டக் கண்ணாடிக்குள் சிவப்புக் கோடு ஏறி இறங்கும், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே தெரியும். பழைய கார் படங்களில் முன் நுனியில் கடிகாரம் போல நிற்பது பெரும்பாலும் இதுதான், அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள்.

சொகுசு கார் வாங்கியவர் அட்டை செருகமாட்டார் அல்லவா. ரேடியேட்டருக்கு முன் ஜன்னல் பலகை போலத் திறந்து மூடும் தகடுகள் வந்தன. ரோல்ஸ்-ராய்ஸில் முதலில் ஓட்டுநர் கைப்பிடியால் இயக்கினார், பிறகு தானே இயங்கின. தானே இயங்கவைக்கும் உறுப்பு தெர்மோஸ்டாட். சூடானால் விரிந்து, ஆறினால் சுருங்கும் சின்னத் துருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1914-இல் வெளிவந்த வி-8 (எட்டு சிலிண்டர்) கேடிலாக்கில் இந்தத் துருத்தியைத் தண்ணீர் ஓட்டத்தின் குறுக்கே வைத்தார்கள். இஞ்சின் சூடாகும் வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது.

அருமையான ஏற்பாடு, ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி. தண்ணீர் அசையாமல் நின்றால், பனிக்காற்று படும் ரேடியேட்டரின் அடிப்பகுதி கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்துவிடும். இஞ்சின் பக்கம் கொதிக்கும், முன்பக்கம் ஐஸ். உறைதடுப்பி இல்லாமல் தெர்மோஸ்டாட் மட்டும் வைத்தவர்கள் இதில் மாட்டினார்கள். காற்றை மட்டுப்படுத்தும் தகடுகளை வேறு சிலர் விரும்பியதற்கு இதுவும் காரணம்.

தண்ணீரே வேண்டாம் என்றவர்கள்

சைரக்யூஸ் நகரம் அமெரிக்காவிலேயே அதிகம் பனி கொட்டும் நகரங்களில் ஒன்று. அங்கிருந்த ஃபிராங்க்ளின் கம்பெனி 1902 முதல் 1934 வரை செய்தது காற்றால் ஆறும் கார்களை. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, உறைய ஒன்றுமில்லை. நள்ளிரவில் நோயாளியைப் பார்க்க ஓட வேண்டிய மருத்துவர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கும் ஃபிராங்க்ளின் வைத்திருந்தார். அதற்காக நான்கு சிக்கலும் தீரவில்லை, ஒன்றுதான் தீர்ந்தது. ஃபிராங்க்ளினிலும் பெட்ரோல் ஆவியாக வேண்டும், எண்ணெய் இளக வேண்டும், பேட்டரி இழுக்க வேண்டும். பழைய கார் பேச்சில் ஃபிராங்க்ளினை எல்லாப் பனிக்கும் மருந்தாகச் சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இன்றைய காரில் சோக் கைப்பிடி இல்லை. உணரிகள் குளிரை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல, அது பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனாலும் கனடாவின் வின்னிபெக் போன்ற ஊருக்குப் புதிதாகப் போன நம்மவர்கள் முதல் பனிக்காலத்தில் ஒரு காட்சியைப் பார்த்துக் குழம்புவார்கள். நிறுத்திவைத்த பெட்ரோல் காரின் முன் கிரில்லிலிருந்து ஒரு வயர் தொங்கும், அதன் நுனியில் சாதாரண மூன்று முள் பிளக். ‘இது எலக்ட்ரிக் காரா?’ என்று கேட்பார்கள். அல்ல. இஞ்சினில் ஒரு சின்ன ஹீட்டர் செருகியிருக்கிறது. இரவு சுவரில் சொருகிவிட்டுத் தூங்கினால், காலையில் இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும். கிளம்பும்போது வயரைப் பிடுங்க மறந்துவிட்டு, அதை இழுத்துக்கொண்டே தெருவில் போகிறவர்களும் உண்டு.